காதல் கதையும் கைக்கூலிக் கணக்கும்

வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய ‘பால்யகால சகி’ 1944ஆம் ஆண்டு மலையாளத்தில் வெளிவந்த சிறு நாவல். குளச்சல் மு. யூசுப் அவர்களின் தமிழாக்கத்தால் அது நம் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம். அதனைப் படித்த முஸ்லிம் அன்பர்கள் சிலருடன் உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவர்கள் கூறியவற்றைக் கேட்டபின் வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை. நாவலைப் பற்றி எனக்குக் குறையில்லை. அது படிக்கப்படும் முறையைப் பற்றியே குறை.

கதையை அறியாதார் பொருட்டுச் சுருங்கக் கூறுகிறேன். மஜீத் செல்வர் வீட்டுப் பிள்ளை. சுஹரா பாக்கு விற்றுப் பிழைக்கும் ஏழையின் மகள். இருவரும் அண்டை வீட்டார். ஒரே பள்ளியில் படிப்பவர்கள். சுஹரா கணக்கில் புலி. மஜீதுக்கோ கணக்கு வராது. இரண்டு ஆறுகள் கலந்தால் ஒரே பெரிய ஆறாவதுபோல, ஒன்றும் ஒன்றும் சேர்ந்தாலும் சற்றே பெரிய ஒன்றுதான் என்பது அவன் கண்ட கணக்கு! இவ்வாறு சிரிக்கச் சிரிக்கத் தொடங்கும் கதை, அந்த இருவரும் ஒன்று சேராமலே முடிகிறது.

இதற்கு நம்மவர் கூறும் மறுமொழிகள் நான்கு.

“காதல் கதை முஸ்லிம் வீட்டுக்குள் வரலாகாது” என்பது முதலாவது. இதனைக் கூறியவர் தொழுகையாளி, நல்லவர். அவரை நான் மதிக்கிறேன். காதலின் பெயரால் வரம்பு மீறுதலைப் போற்றும் நூல்களை நானும் வெறுக்கிறேன். ஆயினும் அவரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். நம் ஊர்களில் பக்தியோடு ஓதப்படும் புர்தா ஷரீஃப் எதில் தொடங்குகிறது? பிரிந்துபோன அன்பரை நினைத்துச் சிந்தும் கண்ணீரில் அன்றோ தொடங்குகிறது! கஅபு இப்னு ஜுஹைர் (ரலி) அவர்கள் மன்னிப்பு வேண்டி மதீனா வந்து, அண்ணலார் திருமுன் பாடிய ‘பானத் சுஆத்’ எதில் தொடங்குகிறது? சுஆத் பிரிந்து சென்ற துயரில்! அதனைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புலவரைத் தடுக்கவில்லை. தம் மேலாடையையே பரிசாக வழங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். குர்துபா நகரத்து மாமேதை இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064) சட்டக்கலையில் பெரும் நூல்கள் யாத்தவர். அவரே ‘தவ்குல் ஹமாமா’ என்ற நூலில் காதலின் இயல்புகளை முப்பது இயல்களில் ஆராய்ந்தார். இளமையில் தாம் இழந்த ஒருத்திக்காக ஏழு திங்கள் உடை மாற்றாதிருந்ததையும் அதில் மறைக்காமல் எழுதினார். கல்வியும் பேணுதலும் மிக்க அம்முன்னோர்கள் அஞ்சாத ஒன்றுக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

“வெறும் சிரிப்புக் கதை, பொழுதுபோக்குக்குச் சரி” என்பது இரண்டாவது. இவர்கள் முற்பாதியை மட்டும் படித்தவர்கள். அல்லது பிற்பாதியையும் முற்பாதியின் மயக்கத்திலேயே படித்தவர்கள். சிரிக்க வைப்பவர் ஆழமாகச் சொல்லமாட்டார் என்று யார் விதித்தது?

“நம் சமுதாயத்தின் குறையை அயலார்முன் விரித்துக் காட்டுகிறார்” என்பது மூன்றாவது. 1951இல் வெளிவந்த பஷீரின் மற்றொரு நாவலான ‘உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ என்பதற்கும் கேரளத்தில் இத்தகைய எதிர்ப்பு எழுந்தது. வீட்டில் நோயாளி இருக்க, மருத்துவர் வாயிலில் நிற்பதை அண்டை வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்துவது அறிவுடைமையாகுமா?

நான்காவதுதான் என்னை மிகவும் வருத்தியது. “அழுதுவிட்டேன். விதி அவர்களைப் பிரித்துவிட்டது” என்று கூறிப் பெருமூச்செறிந்து புத்தகத்தை மூடிவைத்தவர்களின் மறுமொழி அது. இவர்களிடமே நான் வாதிட விரும்புகிறேன். களாகத்ரை நம்புவது ஈமானின் கடமை. ஆனால் மனிதர் செய்த தீங்கை விதியின் தலையில் சுமத்தித் தாம் தப்பித்துக் கொள்வது ஈமானன்று.

யார் பிரித்தார்கள் என்று கதையிலேயே தேடுங்கள். சுஹராவின் தந்தை இறந்துபோகிறார். கணக்கில் கெட்டிக்காரியான அந்தப் பெண்ணின் படிப்பு அத்தோடு நிற்கிறது. தன்னோடு அவளையும் படிக்க வைக்குமாறு மஜீத் தன் தந்தையிடம் மன்றாடுகிறான். வசதி படைத்த அந்த மனிதர் மறுத்துவிடுகிறார். முதல் வெட்டு அங்கே விழுகிறது. அநாதையை விரட்டுபவனையே தீர்ப்பு நாளைப் பொய்யாக்குபவன் என்று ‘அல்மாஊன்’ அத்தியாயம் அடையாளம் காட்டுகிறது. அநாதையைப் பொறுப்பேற்றவர் சுவனத்தில் தம்மோடு இரு விரல்கள் போல் நெருங்கியிருப்பார் என்று அண்ணலார் நற்செய்தி கூறினார்கள். தொழுகையில் நாம் நாள்தோறும் ஓதும் சிறு அத்தியாயம் அது. ஓதியவர்கள் செய்தது என்ன?

பின்னர் மஜீத் தந்தையின் சினத்துக்கு ஆளாகி வீட்டைவிட்டு வெளியேறி ஆண்டுக்கணக்கில் அலைகிறான். திரும்பி வரும்போது அவன் குடும்பம் செல்வமிழந்து கிடக்கிறது. சுஹராவோ ஒரு கசாப்புக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, அடியும் உதையும் பட்டு, நிறங்கெட்டு வந்து நிற்கிறாள். அப்போதாவது இருவரும் சேர்ந்திருக்கலாகாதா? முடியவில்லை. மஜீதின் தங்கையர் இருவர் மணமாகாமல் இருக்கிறார்கள். அவர்களைக் கரையேற்ற வரதட்சிணை வேண்டும். பொருள் தேடி அவன் மீண்டும் தொலைதூர நகரத்துக்குப் புறப்படுகிறான். அங்கே விபத்தில் காலொன்றை இழந்து, உணவு விடுதியில் எச்சில் பாத்திரம் கழுவுகிறான். சுஹரா இறந்த செய்தி கடிதமாக வந்து சேர்கிறது.

இப்போது சொல்லுங்கள்: மஜீதையும் சுஹராவையும் பிரித்தது விதியா, கைக்கூலியா?

மணமகன் மணமகளுக்கு மனமுவந்து மஹர் கொடுக்க வேண்டும் என்று ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் நான்காம் வசனம் கட்டளையிடுகிறது. நம்மவர் அதனைத் தலைகீழாக்கினார்கள். நிகாஹ் ஏட்டில் மஹரைச் சிறு தொகையாக எழுதிவிட்டு, ஏட்டில் ஏறாத பெருந்தொகையைக் கைக்கூலி என்றும் சீர்வரிசை என்றும் மாப்பிள்ளைக்கு நகை என்றும் வாங்கிக்கொள்கிறார்கள். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டே இயற்றப்பட்டுவிட்டது. அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே பஷீர் தம் கதையை எழுதிவிட்டார். இவ்விரண்டுக்கும் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இறைவேதம் அருளப்பட்டுவிட்டது. ஆயினும் பெண்ணைப் பெற்றவர் வீட்டை விற்பது நின்றபாடில்லை.

காதல் கதை என்று முகம் சுளித்த பெரியவரே! உங்கள் சினம் நல்ல சினம். ஆனால் தவறான இடத்தில் விழுகிறது. இருவர் அன்பு கொண்டதைக் கண்டு கொதித்த நீங்கள், அந்த அன்பை விலைபேசிக் கொன்றதைக் கண்டு ஏன் கொதிக்கவில்லை? முன்னதைக் கண்டிக்கக் குத்பா மேடை உண்டு. பின்னதன் விருந்துக்கோ முன்வரிசையில் அமர்ந்து துஆ ஓதுகிறோம். ஓதுபவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கண்ணீர் வடித்த சகோதரிகளே! புகாரி ஷரீஃபில் ஒரு வரலாறு உண்டு. முகீஸ் என்பாரின் மனைவி பரீரா. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா, தமக்குக் கிடைத்த உரிமையால் கணவரைப் பிரிந்தார். முகீஸோ தாடி நனைய அழுதவண்ணம் மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே திரிந்தார். அண்ணலார் அதனைக் கண்டு நகைக்கவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. வெறுமனே இரங்கிவிட்டுப் போகவுமில்லை. பரீராவிடமே சென்று, கணவரிடம் திரும்பலாகாதா என்று பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். கட்டளையன்று, பரிந்துரையே என்றார்கள் நபியவர்கள். அவ்வாறாயின் எனக்கு அவர் தேவையில்லை என்று பரீரா கூறிவிட்டார், அதுவும் மதிக்கப்பட்டது. அழுபவருக்காக எழுந்து செல்லுதல், பெண்ணின் விருப்பத்தை மதித்தல் ஆகிய இரண்டும் அந்த ஒரே நிகழ்ச்சியில் நமக்குக் கிடைக்கின்றன. சுஹராவுக்காகப் பரிந்து பேச அவளது ஊரில் ஒருவரும் எழவில்லை. அதுவே அக்கதையின் துயரம்.

ஆகவே இந்நூலை மறைத்துவைக்க வேண்டாம். குடும்பத்தோடு படியுங்கள், சிரிக்கும் இடத்தில் சிரியுங்கள், அழும் இடத்தில் அழுங்கள். பின்னர் நம் மஹல்லாவில் தந்தையை இழந்து படிப்பு நின்றுபோன பெண்பிள்ளை எவரேனும் உண்டா என்று விசாரியுங்கள். மகனுக்குப் பெண் பேசப் போகும்போது, கொண்டு வருவது என்ன என்ற கேள்வியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். இவ்விரண்டையும் செய்யாதவர், அந்நாவலைப் பத்துமுறை படித்து அழுதாலும் படித்தவராகார்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களுக்கு இரக்கத்தையும், நம் கைகளுக்கு அதனைச் செயலாக்கும் துணிவையும் அருள்வானாக! ஆமீன்.