புள்ளியியற் கல்வியும் கணிப்பொறியும்

புள்ளியியலை முதுநிலை வகுப்பிற் கற்கும் மாணவரிடையே இந்நாளில் இரு கட்சிகள் காணப்படுகின்றன. தேற்றங்களையும் நிரூபணங்களையும் கற்றாற் போதும், கணக்கிடுதல் பொறியின் வேலை என்பது ஒரு கட்சி. பொறியே நொடியில் விடை தரும்போது நிரூபணங்களை உருப்போடுவது எதற்கு என்பது மற்றொரு கட்சி. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையினின்று புறப்படினும் ஓரிடத்திலேயே சென்று சேர்கின்றன. பொறிக்குள் நடப்பதை அறிய வேண்டுவதில்லை என்பதே இரண்டின் முடிபும். இம்முடிபு பிழையானது என்பதும், கணிப்பொறி முறைகளை மாணவர் தம் கையால் ஒரு முறையேனும் இயற்றிப் பார்த்தல் பட்டத்திற்கு இன்றியமையாததாதல் வேண்டும் என்பதும் நமது துணிபு.

கணிப்பொறி வந்த பின்னரே இவ்வகை முறைகள் பிறந்தன என்று கருதுவோர் பலர். அஃது உண்மையன்று. டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவடிசாலையிற் பணிபுரிந்த வில்லியம் காசெட் என்பார் 1908-ஆம் ஆண்டில் ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சில அளவுகளே கையில் இருக்கும்போது அவற்றின் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. அதற்குரிய வளைகோட்டை அவர் கணித்தார். ஆயினும் அவருடைய நிரூபணம் முழுமை பெறவில்லை. ஆகவே 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரலின் நீளத்தையும் 3,000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நந்நான்காக எடுத்து, 750 மாதிரிகளாக்கினார். ஒவ்வொரு மாதிரிக்கும் கணக்கிட்டுத் தம் வளைகோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். முழு நிரூபணத்தைப் பின்னாளில் ரொனால்டு பிஷர் அளித்தார். நம் மாணவர் ‘டி’ சோதனை என்று பயில்வது இதன் வழி வந்ததே. கொள்கையும் கைவேலையும் ஒரே மனிதரிடத்தில் ஒன்றையொன்று தாங்கி நின்றமையை இங்கே காண்கிறோம்.

அக்கட்டுரையிலேயே பத்து நோயாளிகள் மருந்துண்ட பின்னர் எத்தனை மணி நேரம் மிகுதியாக உறங்கினர் என்னும் கணக்கும் ஆராயப்பட்டது. அப்பத்து எண்களையே வைத்துக்கொண்டு இக்காலத்து முறையொன்றை விளக்குவோம். 1979-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிராட்லி எஃப்ரன் ‘பூட்ஸ்டிராப்’ என்னும் முறையை வெளியிட்டார். பத்து எண்களையும் பத்துச் சீட்டுகளில் எழுதுக. ஒரு சீட்டை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மீண்டும் உள்ளே இடுக. இவ்வாறு பத்து முறை எடுத்தால் ஒரு புதிய மாதிரி கிடைக்கும். சில எண்கள் இருமுறை வரும், சில வாராதொழியும். இதன் இடைநிலை மதிப்பைக் குறித்துக்கொள்க. இதனை ஆயிரம் முறை செய்தால் ஆயிரம் இடைநிலை மதிப்புகள் கிடைக்கும். அவை எவ்வளவு பரவி நிற்கின்றனவோ அதுவே நம் மதிப்பீட்டின் திட்டப்பிழையைக் காட்டும். கையாற் செய்வார்க்குப் பல நாள் பிடிக்கும் இவ்வேலையைப் பொறி இமைப்பொழுதில் முடித்துவிடும்.

இத்துணை எளிதாயின் நிரூபணம் எதற்கு என்று இரண்டாங் கட்சியார் வினவலாம். அவர்க்கு நாம் கூறும் விடை இது. இடைநிலைக்குப் பதிலாக, மிகப் பெரிய எண்ணை மதிப்பிட அதே முறையைக் கையாளுக. பத்துச் சீட்டுகளில் மிகப் பெரிய எண்ணுள்ள சீட்டு ஒரு முறை எடுக்கும்போது தப்பிப் போகும் வாய்ப்பு 0.9. பத்து முறையும் தப்பும் வாய்ப்பு 0.9-ஐப் பத்து முறை பெருக்க வருவது; அது ஏறக்குறைய 0.35. ஆகவே நூற்றுக்கு ஏறக்குறைய 65 புதிய மாதிரிகளில் மிகப் பெரிய எண் பழைய எண்ணாகவே இருக்கும். மாதிரியை எவ்வளவு பெருக்கினாலும் இவ்விகிதம் நூற்றுக்கு 63-க்குக் கீழே இறங்காது. ஒரே எண்ணில் இவ்வாறு குவிந்து கிடக்கும் விடைகள் உண்மையான பரவலைக் காட்டமாட்டா. இம்முறை இங்கே பயன்படாது என்பது கொள்கை கற்றவர்க்கே விளங்கும். பொறியோ, தயக்கமின்றி ஒரு திட்டப்பிழையை அச்சிட்டுத் தரும். தன் விடை பொருளற்றது என்று சொல்லும் நாவு அதற்கில்லை.

இனி, முதற் கட்சியாருக்கும் ஒன்று கூறுவோம். தேற்றத்தில் ‘சமவாய்ப்பு எண்கள்’ என்று ஒரு சொல்லால் எழுதிவிடுகிறோம். அவ்வெண்களைப் பொறி ஒரு சூத்திரத்தாற் செய்கிறது. 1960-களில் ஐ.பி.எம். பொறிகளில் ‘ராண்டு’ என்னும் நிரல் பெரிதும் வழங்கியது. முன்னெண்ணை 65,539 ஆற் பெருக்கி, 2-இன் 31-ஆம் அடுக்கால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்வது அதன் வழி. தனித்தனியே நோக்கின் அவ்வெண்கள் ஒழுங்கற்றனவாகவே தோன்றும். ஆயின் அடுத்தடுத்த மூன்று எண்களை எடுத்தால், மூன்றாவது எண், இரண்டாவதன் ஆறு மடங்கில் முதலாவதன் ஒன்பது மடங்கைக் கழித்து, முன் சொன்ன எண்ணால் வகுத்த மீதியாகவே எப்பொழுதும் இருக்கும். அதனால் மும்மூன்றாக எடுத்துப் புள்ளிகளாக வைத்தால் அவையெல்லாம் ஒரு கனசதுரத்தினுள் 15 தளங்களிலேயே அடங்கிவிடும். இவ்வகைச் சூத்திரங்கள் யாவற்றிற்கும் இத்தகைய குறை உண்டென்பதை ஜார்ஜ் மார்சாலியா 1968-இல் எடுத்துக் காட்டினார். தேற்றம் பழுதற்றதாயிருந்தும், அதனை நடத்தும் கருவி பழுதாயின் விடையும் பழுதாகும். இதனைத் தாளில் மட்டும் படித்தவர் எங்ஙனம் அறிவார்?

மாணவர் ஒருவர் கணக்கை மீளச் செய்து பார்த்ததனால் விளைந்த நன்மையையும் நினைவு கூர்தல் தகும். 2010-ஆம் ஆண்டில் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்னும் பொருளியற் பேராசிரியர் இருவர், நாட்டு வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அரசாங்கக் கடன் கொண்ட வளர்ந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி நூற்றுக்கு –0.1 என்று எழுதினர். அரசாங்கச் செலவைக் குறைக்க வேண்டுமென்போர் பல நாடுகளில் அதனை மேற்கோளாகக் காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் முனைவர் பட்ட மாணவராயிருந்த தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சியாக அக்கணக்கை மீளச் செய்ய முயன்றார், விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே விரிதாளைக் கேட்டுப் பெற்று நோக்கியபோது ஐந்து நாடுகளின் வரிகள் கூட்டலில் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகள் சேர்க்கப்படாமையும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும் விடையை இன்னும் மிகுதியாக மாற்றியிருந்தன. ஹெர்ண்டனும் அவர்தம் ஆசிரியர் இருவரும் 2013-இல் வெளியிட்ட கணக்கின்படி அச்சராசரி 2.2. கூட்டற் பிழையை முன்னவர் ஒப்புக்கொண்டனர். எடை பற்றிய வாதம் தொடர்ந்தது. வகுப்புப் பயிற்சி ஒன்று உலகறிந்த கணக்கைத் திருத்தியதென்றால், அப்பயிற்சியின் மதிப்பைப் பற்றி வேறு சான்று வேண்டா.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் பூட்ஸ்டிராப் முறையையும், 1953-இல் மெட்ரோபோலிஸ் முதலிய ஐவர் வெளியிட்ட முறையையும், ஆயத்த நிரலின் துணையின்றித் தாமே ஒரு முறை எழுதி ஓட்டுதல் வேண்டும். இரண்டாவது, வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றன் கணக்கை முதலிலிருந்து மீளச் செய்து, ஒத்துவந்ததா இல்லையா என்று எழுதித் தருதல் வேண்டும். மூன்றாவது, முன் காணாத எண்களைக் கொடுத்துப் பொறியின் முன் அமர்த்திப் பரீட்சை நடத்துதல் வேண்டும். எந்த முறையை ஏன் கையாண்டார் என்பதற்கும், எங்கே அது பயன்படாது என்பதற்கும் மதிப்பெண் அளித்தல் வேண்டும். முன்னாண்டு மாணவரின் ரிக்கார்டு நோட்டைப் பார்த்தெழுதி மதிப்பெண் பெறும் வழக்கம் இதனால் தானே ஒழியும்.

காலம் போதாது என்பர். ஆயத்த நிரல்களின் கட்டளைகளை மனப்பாடம் செய்ய இப்பொழுது செலவாகும் காலத்தை இதற்குத் திருப்பலாம். பொருள் போதாது என்பர். நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் இயற்றிய ‘ஆர்’ மொழி விலையின்றிக் கிடைக்கிறது. அதன் உள்ளமைப்பையும் எவரும் திறந்து படிக்கலாம். நிரலையும் பொறியே எழுதித் தரும் இந்நாளில் இஃது எதற்கு என்பர். பொறி எழுதியதைச் சரியோ பிழையோ என்று அறிந்து கூறுவார் வேண்டுமன்றோ? அவ்வறிவு தாமே எழுதிப் பழகியவர்க்கே எளிதில் வாய்க்கும்.

நம் மாணவர் பட்டம் பெற்றபின் மருந்துகளின் சோதனைக் கணக்கிலும், வங்கிகளிலும், அரசாங்கக் கணக்கெடுப்பிலும் அமர்வர். அவர்கள் கையொப்பமிடும் எண்ணை நம்பி நோயாளி ஒருவர்க்கு மருந்து கொடுக்கப்படும், அல்லது மறுக்கப்படும். அவ்வெண் எங்ஙனம் வந்தது என்று வினவுவார்க்கு, பொறி சொல்லிற்று என்பது விடையாகாது. பாடத்திட்டம் வகுக்கும் பெரியோர் இதனைச் சீர்தூக்கிப் பார்ப்பாராக. மாணவ நண்பர்கள் அதுவரையிற் காத்திராது, பத்துச் சீட்டுகளோடு இன்றே தொடங்குவார்களாக.