பொதி வந்தது, காணி எங்கே?

டித்வா புயல் 2025 நவம்பர் கடைசியில் இலங்கையில் எங்கள் மலைகளைச் சரித்துப் போட்டபோது, ஓடி வந்தவர்களுக்குக் கோயில் மண்டபம், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை எல்லாம் கதவைத் திறந்து வைத்திருந்தன. யாரும் யாருடைய சாமி எது என்று கேட்கவில்லை. நாவலப்பிட்டிக்காரி என்ற முறையில் அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

என் ஆதங்கம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. கடல் கடந்த சமய அமைப்புகளின் பணம் பருப்பும் சீனியும் பால்மாவுமாகத் தோட்டங்களுக்கு வந்தது. பதாகை பிடித்துப் படமும் எடுத்தார்கள். வீடு முற்றாக இடிந்தவர்களுக்கு 50 இலட்சம் ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்காக எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, கொழுந்து பறித்தே வயதானவர், சொப்பிங் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்: அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி அட்டை. காணி உறுதி மட்டும் இல்லை. தோட்டத்துக்குச் சொந்தமான லய வீட்டில் பிறந்தவருக்கு அது எங்கிருந்து வரும்? கடிதமே தோட்டக் கந்தோருக்குத்தானே வருகிறது.

பொதியோடு நிற்காதவர்களும் இருந்தார்கள். எங்கள் மாவட்டமான கண்டியில் 1972இல் இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். 1948இல் பறிபோன பிரஜாவுரிமை, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்கள், 1973-74இல் தோட்டங்களைத் தின்ற பஞ்சம் என்று எங்கள் மலையகத் தமிழ்ச் சனம் ஒடுங்கிக் கிடந்த காலம் அது. சிங்களவரையும் தமிழரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, தோட்டத் தொழிலாளியின் உரிமையை ஆராய்ந்து, எழுதி, உலகத்துக்குச் சொன்னவர் அவர். அவரும் ஒரு சமயத்தின் ஆள்தான். 2003ஆம் ஆண்டுச் சட்டம் எங்களில் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்ததற்குப் பின்னால் அப்படிப்பட்டவர்களின் பல வருட உழைப்பும் இருக்கிறது. பிரஜாவுரிமை வந்து இத்தனை வருடமாகியும் எங்களில் பெரும்பாலானோருக்குக் காணி வரவில்லை.

கத்தோலிக்க உதவி அமைப்பான கரித்தாஸ் 160க்கும் மேற்பட்ட நாடுகளில் வேலை செய்கிறது. எங்கள் தேயிலையைக் குடிக்கும் ஊர்களிலெல்லாம் சபைகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. கம்பனியிடமும் அரசாங்கத்திடமும் தோட்டத் தொழிலாளி தனியாகக் கேட்டால் விழாத காது, இவர்கள் சேர்ந்து கேட்டால் விழும். கேட்பதற்கு இவர்கள் தயங்குவதுதான் எனக்கு வேதனை. உதவிப் பணத்தில் ஒரு பங்கை வழக்கறிஞருக்கும் நில அளவையாளருக்கும் ஒதுக்குங்கள். மண் சரியாத இடத்தில், குடும்பத்தின் பெயரில், பெண்ணின் பெயரையும் சேர்த்து 10 பேர்ச் காணி எழுதி வாங்கிக் கொடுங்கள். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை எங்கள் பக்கம் இறங்கிவிடும். ஆபத்தான லயங்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.