எண்ணெய் விற்ற பணம் யாருடையது?



பழைய கடனை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம், அந்த நாட்களில் புதிய கைப்பேசியோ பெரிய தொலைக்காட்சியோ வாங்கலாமா? இந்த மாதம் இதைக்குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். போதிக்கிறவனாக மட்டுமல்ல, இந்தக் காரியத்தில் ஒருமுறை விழுந்து எழுந்தவனாகவும் எழுதுகிறேன்.

2006-ஆம் ஆண்டு. இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பகுதியில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். என் மனைவியின் பிரசவத்தில் திடீரென்று அறுவைச்சிகிச்சை தேவைப்பட்டது. கையில் பணமில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு சகோதரி, தன் போனஸ் பணத்தோடு சீட்டுப் பணத்தையும் சேர்த்து 8,000 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொன்னேன்.

ஆறாவது மாதம் போடிநாயக்கனூருக்கு இறங்கியபோது ஒரு கடையில் கேமரா வைத்த கைப்பேசியைக் கண்டேன். ஊழியத்துக்கு உதவும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, முன்பணம் கட்டித் தவணைக்கு வாங்கினேன். அந்த ஞாயிறு ஆராதனையில் அது பிரசங்க மேஜையின்மேல் இருந்தது. ஆராதனை முடிந்தபின் அந்தச் சகோதரி சற்று நேரம் வாசலில் நின்றார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்ப்பதற்காக அந்த வாரத்திலேயே அவர் தம் கம்மலை அடகு வைத்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

அவருடைய லயத்து வீட்டுக்கு ஓடினேன். “என்னிடம் ஏன் அக்கா கேட்கவில்லை?” என்றேன். அவர் சொன்னார்: “கேட்கத்தான் வந்தேன் பாஸ்டர். மேஜையில புது போனைப் பார்த்தேன். யாரோ அன்பளிப்பா கொடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன். உங்க கையில காசு இருந்திருந்தா முதல்ல எனக்குல்ல தந்திருப்பீங்க?”

என்னைக் கடிந்துகொள்ள அவர் அதைச் சொல்லவில்லை. என்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையே அப்படிப் பேசிற்று. ஆனாலும் எந்தக் கண்டனமும் என் இருதயத்தை அவ்வளவாய்க் குத்தியதில்லை. கைப்பேசியைப் பாதி விலைக்கு விற்றேன். கடைக்காரருக்குரிய தவணையையும் சகோதரிக்குரிய கடனையும் அடைத்து, கம்மலை மீட்டுக் கொடுக்க ஏழு மாதம் ஆயிற்று.

பிரியமானவர்களே, இரண்டு இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் வரும் விதவையை நினைத்துப்பாருங்கள். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்துவிட்டான். எலிசா தீர்க்கதரிசி முதலாவது அவளுடைய வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அயலாரிடம் இரவல் வாங்கிய வெறும் பாத்திரங்களெல்லாம் நிரம்பின. அதற்குப்பின் அவர் சொன்ன ஒழுங்கைக் கவனியுங்கள். முதலாவது விற்பனை, இரண்டாவது கடன், மூன்றாவதுதான் மீதியைக்கொண்டு பிழைப்பு. எண்ணெய் அற்புதமாய்ப் பெருகியது உண்மை. ஆனால் அதை விற்ற பணம் கடன் தீருமட்டும் அவளுடையதல்ல, கடன் கொடுத்தவனுடையது. அற்புதம் பெற்றவளுக்கே இந்த ஒழுங்கு என்றால், மாதச் சம்பளம் பெறுகிற நமக்கு எவ்வளவு அதிகம்!

மலைத்தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் பிழைப்பவர்கள் உங்களில் அநேகர். உங்கள் தாய்மார் ஈட்டிய பணத்தின் விலையை நீங்கள் அறிவீர்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத் தொழிலாளர் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு ஒன்பது நாட்கள் போராடினார்கள். அப்போது அவர்களுடைய நாள் கூலி 232 ரூபாய். போனஸும் கருணைத்தொகையுமாக அந்த 20 சதவீதத்தைப் பெற்றுக்கொண்டே எழுந்தார்கள். அப்படிப்பட்ட பணத்தில் உங்களைப் படிக்கவைத்து, அதற்காக வாங்கிய கடனுக்கு ஊரில் இன்றும் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தாய் இருக்கக்கூடும். நகரத்தில் மகன் கையில் புதிய கைப்பேசி இருக்குமானால், அந்தத் தாயும் ஒன்றும் கேட்கமாட்டாள்.

சபைகளில் நாம் சொல்லும் சாட்சியையும் சோதித்தறிய வேண்டும். “புதிய போன் வாங்கக் கர்த்தர் கிருபை செய்தார்” என்கிறோம். முழு விலையும் கடனாயிருக்கையில், அதைக் கொடுத்தது கர்த்தரா, கடன் நிறுவனமா? பத்து மாதம் வாயைக் கட்டி ஒரு கடனை அடைத்தவன் எழுந்து சாட்சி சொல்வதை நம் சபைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

“வட்டியில்லாத் தவணைதானே பாஸ்டர்?” என்று கேட்பீர்கள். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று இல்லை என்றும், வட்டி வேறு கட்டணங்களின் பெயரில் மறைந்து வருகிறது என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ஒரு கணக்கைப் பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 17,000 ரூபாய்க்குக் கிடைக்கும் கைப்பேசி, தவணைக்கு மாதம் 3,000 வீதம் ஆறு மாதம், ஆக 18,000 என்று வைத்துக்கொள்வோம். முதலிலேயே 500 ரூபாய் கட்டணம் வேறு. இது நூற்றுக்கு மாதம் ஏறத்தாழ இரண்டரை ரூபாய் வட்டிக்குச் சமம்.

இனி மறுபக்கம். ஊரில் மூன்று ரூபாய் வட்டிக்கு 30,000 கடன் இருக்கிறது. மாதம் 900 வட்டி மட்டும் கட்டினால் ஆயுள் முழுவதும் 30,000 அப்படியே நிற்கும். அந்த 900-உடன் தவணைக்குப் போகவிருந்த 3,000-ஐயும் சேர்த்துக் கட்டுங்கள். ஆறு மாதத்தில் கடன் 10,600 அளவுக்குக் குறையும். ஒன்பதாம் மாதம் கடனே இராது. அதே கைப்பேசியை அதன்பின் ஆறே மாதச் சேமிப்பில் ரொக்கமாக வாங்கலாம்.

கைப்பேசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 ஜூனில் கேரளத்தில் பள்ளிப் பாடங்கள் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் நடந்தபோது, பிள்ளைக்காகக் கைப்பேசி வாங்கிய பெற்றோர் தேவைக்கே வாங்கினார்கள். வேலை செய்கிற ஒன்று கையிலிருக்க, புதிதாய் வந்த ஒன்றின்மேல் மனம் போவதையே இச்சை என்கிறேன். ஆகவே மூன்று காரியங்களை அன்போடு சொல்லுகிறேன்.

முதலாவது, கடன்கள் யாவையும் ஒரே தாளில் எழுதுங்கள். கொடுத்தவர் பெயர், தொகை, வட்டி மூன்றும் இருக்கட்டும். கைமாற்றாகக் கொடுத்த எளியவரின் பெயரை விட்டுவிடாதீர்கள். வங்கி நோட்டீஸ் அனுப்பும். எளியவர் வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாவது, ஆசை வந்தவுடன் வாங்காமல் ஒரு மாதம் பொறுத்திருங்கள். பாட்டரியையோ திரையையோ மாற்றினால் பழையது இன்னும் ஒரு வருடம் உழைக்குமா என்று பாருங்கள். சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, அரிசி ருசி கண்டபின் ரேஷன் கடையைத் திரும்பத்திரும்ப உடைத்தது. 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அது கம்பம் நகருக்குள் வந்து நின்றது. ருசி கண்ட ஆசை சுவரையும் தூரத்தையும் பார்ப்பதில்லை. சம்பள நாளில் கடைவீதிப் பக்கம் போகாதிருங்கள். விலை காட்டும் செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்குங்கள்.

மூன்றாவது, எந்தக் கடன் பத்திரத்திலும் கணவனும் மனைவியும் சேர்ந்து வாசித்து, ஜெபித்தபின்பே கையெழுத்திடுங்கள். 2024 அக்டோபர் முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இத்தகைய கடன்களுக்கு எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் விவரத்தாளை, கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். நண்பருக்காக உங்கள் பெயரில் தவணை எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் கட்டத் தவறினால் கடனாளி நீங்களே.

பிரியமானவர்களே, இன்று உங்கள் கையிலிருக்கும் பழைய கைப்பேசியைக்குறித்து வெட்கப்படாதீர்கள். நமக்காக அடகுபோன ஒரு கம்மல் இன்னும் எங்கேயாவது இருக்குமானால், முதலாவது அது மீட்கப்படட்டும். மீதியில் பிழைக்கச் செய்கிற கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களைக் கடனில்லாத சமாதானத்துக்குள் நடத்துவாராக. ஆமென்.