தையல்காரர் மேல் பழி போடாதீங்க!

"புது ஜாக்கெட், ஒரே ஒரு தடவைதான் துவைச்சேன். கையே நுழையலை. அளவை மாத்தி வெட்டிட்டாங்க!" இந்தப் புலம்பலைக் கேட்காத பெண்கள் இருக்க முடியாது. புலம்பலோடு விட்டாலும் பரவாயில்லை. அடுத்த துணி வாங்கப் போகும்போது, பழைய கணக்கைச் சொல்லி கூலியில் பிடித்துக் கொள்பவர்களும் உண்டு. இது நியாயம்தானா சகோதரிகளே?

பருத்தித் துணியின் குணமே சுருங்குவதுதான். தறியில் நெய்யும்போதும், கஞ்சி போட்டு மடிப்பு கலையாமல் கடைக்கு அனுப்பும்போதும் நூலை விறைப்பாக இழுத்து வைத்திருப்பார்கள். தண்ணீரில் நனைந்ததும் அந்த இழுப்பு விட்டுப்போய் துணி சுருங்கிவிடுகிறது. நூற்றுக்கு 4 பங்கு சுருங்கினாலே 36 அங்குலச் சுற்றளவில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் காணாமல் போய்விடும். இதில் கத்தரி பிடித்தவரின் குற்றம் என்ன?

பாலியஸ்டர் அப்படிச் சுருங்குவதில்லை. அதனால்தான் மேல்துணி பாலியஸ்டராகவும் லைனிங் பருத்தியாகவும் இருந்தால், துவைத்ததும் உள்துணி மட்டும் சுருங்கி மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கிறது. சிந்தெடிக் புடவைக்கு நனைக்காத ஃபால்ஸ் தைத்தால் ஓரம் சுருட்டிக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

இதற்குப் பெரிய வித்தையெல்லாம் தேவையில்லை. பருத்தி ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ் மூன்றையும் தைக்கக் கொடுக்கும் முன் சாதாரண தண்ணீரில் தனித்தனியாக சில மணி நேரம் ஊற வையுங்கள். தனித்தனியாக என்று சொல்வது, ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஒட்டாமல் இருக்கத்தான். முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுக் கொடுங்கள். பட்டு ஜாக்கெட் என்றால் பட்டை நனைக்க வேண்டாம். லைனிங்கை மட்டும் நனைத்தால் போதும். இப்போது ஆரி வேலைப்பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். அப்படிப்பட்ட ஜாக்கெட்டில் உள்ளே இருக்கும் லைனிங் சுருங்கினால் அத்தனையும் வீண்தானே?

என்ன துணி என்று சந்தேகமா? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பட்டு, தலைமுடி கருகுகிற நாற்றம் அடிக்கும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். இப்படி உருகுகிற துணிக்கு இஸ்திரிப் பெட்டியின் சூட்டையும் குறைத்துத்தான் வைக்க வேண்டும்.

எங்கள் தெருவில் கால் மிஷினில் தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். "லைனிங்கை நனைச்சுக் குடுங்கம்மா"ன்னு சொன்னால், "நாளைக்கு கல்யாணம், நேரமில்லை, அப்படியே தைங்க" என்பார்களாம். பிறகு சுருங்கிவிட்டால் மட்டும், அப்படிச் சொன்னதையே மறந்து சண்டைக்கு வருவார்களாம். நாள் முழுக்க மிதித்துச் சம்பாதிக்கும் பெண்ணுக்கு ஒரு ஜாக்கெட் கூலி என்பது வீட்டு மளிகைக் காசு. அதைப் பிடித்துக்கொண்டு நாம் என்ன கோட்டை கட்டப் போகிறோம்?

தைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. துணியை வாங்கும்போதே "நனைச்சதா?" என்று கேட்டு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால், பிறகு பிரித்துவிடவும் வசதியாக இருக்கும். துணிக்கடைக்காரர்களும் "இது சுருங்கும், நனைச்சுத் தைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி விற்றால் வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு வாளித் தண்ணீரில் தீரக்கூடிய விஷயத்துக்கு ஒரு பெண்ணின் உழைப்பைப் பறிக்கலாமா? யோசியுங்களேன்!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.