விலையைக் கேட்கிறோம், பொருளைக் கேட்பதில்லை

இரும்புக்கடைக்கு வெல்டிங் ஹோல்டர் வாங்க வருபவர் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள்: எத்தனை அம்பியர்? என்ன விலை? குச்சியைக் கவ்வும் தாடையை மூடியிருக்கும் காப்பு எந்தப் பொருளால் ஆனது என்று கேட்பவர் அரிது. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு போன்ற இடங்களில் இந்த மூன்றாவது கேள்வி உயிரோடு சம்பந்தப்பட்டது.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஓடும் படகுகளில் உள்ள இரும்பெல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அதைத் திருத்துபவர் ஈர இரும்பின் மேல், வியர்த்த கையோடு குந்தியிருந்து வேலை செய்கிறார்.

"வெல்டிங்கில் 80 வோல்ட்தானே, 230 இல்லையே" என்பார்கள். நனைந்த உடலின் மின்தடை சுமார் 1000 ஓமுக்கு இறங்கிவிட்டால் அந்த 80 வோல்ட் 80 மில்லி அம்பியரை உடம்பினூடாகச் செலுத்தும். உயிர் காக்க வீட்டில் பொருத்தும் ட்ரிப் சுவிட்ச் விழுவதோ 30 மில்லி அம்பியரில். அந்த சுவிட்சும் இங்கே உதவாது. வெல்டிங் இயந்திரத்தின் ட்ரான்ஸ்போமர் இரண்டு பக்கச் சுற்றையும் பிரித்து வைப்பதால், ஹோல்டர் பக்கக் கசிவு அதற்குத் தெரிய வராது. ஐ.இ.சி. 60974 என்ற சர்வதேச நியமம் ஏசி இயந்திரங்களுக்கு சாதாரண இடத்தில் 80 வோல்ட் வரை அனுமதித்தாலும், மின்னதிர்ச்சி ஆபத்துக் கூடிய இடங்களில் 48 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்கிறது.

ஆகவே வேலையாளுக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் நிற்பது காப்புப் பொருள்தான். அது சூடு, அடி, ஈரம் மூன்றையும் தாங்க வேண்டும். நைலோன் அடி தாங்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் இளகும். உடைந்த பிடிக்குப் பதிலாகக் கட்டும் மரத்துண்டு உப்புநீரைக் குடித்துக் கொள்ளும். டிக் வெல்டிங் முனைகளில் வரும் அலுமினா பீங்கான் 2000 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். கொங்கிரீட்டில் விழுந்தால் உடையும். மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளில் நட்டுகளை ஒட்டும்போது பிடித்து வைக்கும் ஊசிகளுக்கு சிலிக்கன் நைட்ரைட் பயன்படுகிறது. தீப்பொறி ஒட்டாது, திடீர்ச் சூட்டிலும் வெடிக்காது. ஆனால் விலை அதிகம். நமது பட்டறைகளுக்கு அது தேவையில்லை.

நமக்கு ஏற்றது கண்ணாடி நார் சேர்த்த பேக்லைட். அது உருகாது, சாதாரண பேக்லைட்டைப் போல இலகுவில் வெடிக்காது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கருகிக் கரியான காப்பு காப்பே அல்ல. கரி மின்சாரத்தைக் கடத்தும். நல்ல காப்பின் மேலும் உப்பு படிந்து ஈரமானால் மின்சாரம் ஊரும். எனவே நன்னீரில் துடைத்து, நன்றாக உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும்.

"மலிவானதைத்தானே கேட்கிறார்கள், நான் என்ன செய்ய?" என்று கடைக்காரர் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. ஆனால் பழுதானது தாடைக் காப்பு மட்டும் என்றால் அதை மட்டும் மாற்றலாம்; முழு ஹோல்டர் வாங்குவதை விட அது மலிவு. அந்த உதிரிப்பாகத்தைக் கடையில் வைத்திருக்கிறோமா?

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரும்பு வியாபாரம் பழைய தொழில். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பல வருடங்களுக்குப் பின் திரும்பி வந்து கடை திறந்தவர்களுக்கு வாடிக்கையாளரின் நம்பிக்கைதான் முதல். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். பளபளக்கும் பிடிக்குள் ஈரம் குடிக்கும் பொருள் இருப்பது தெரிந்தும் சொல்லாமல் விற்பது அதற்கு எவ்வளவு தூரம்?

வாங்குபவர் கேட்காவிட்டாலும் விற்பவர் சொல்லட்டும். கடல் வேலைக்கா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொருளை எடுத்துக் கொடுப்பதில் நமக்கு நட்டம் ஒன்றும் இல்லை.