வாயில் விரல் வைத்தால் பேச்சு வருமா?

“எம் பையனுக்கு முப்பது ரைம்ஸ் தெரியும் சார்” என்றார் சங்கரன்கோவில் நண்பர். பையனுக்கு நாலு வயசு. “காலையில என்னடே சாப்பிட்ட?” என்று கேட்டேன். அம்மா முகத்தைப் பார்த்தான்!

உங்கள் வீட்டிலும் இதே கதைதானே? ஒப்பிப்பதைப் பேச்சு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். பி.காம். புத்தியில் சொல்கிறேன்... வார்த்தைகளை வரவு வைத்துக்கொண்டே போகிறோம். செலவழிக்கப் பிள்ளைக்கு இடமில்லை.

‘பூப்பறிக்க வருகிறோம்’ விளையாட்டு ஞாபகமிருக்கிறதா? எதிரெதிரே இரண்டு வரிசை. ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும். அடுத்தவன் முடிக்கும்வரை காது கொடுக்கணும், நம்ம முறை வந்தால் வாய் திறக்கணும். கூச்சப்படுகிற பிள்ளைகூட வரிசையோடு சேர்ந்து கத்திவிடும். விடுகதை இன்னும் ஒரு படி மேல். பொருளின் பேரைச் சொல்லாமலே அதை விவரிக்கணுமே!

அரசுப் பள்ளிகளுக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-ல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை ஆடல், பாடல், கதை என்றுதான் பாடமே. நாமோ பணத்தைக் கட்டி, பிள்ளையை வாயில் விரல் வைத்து உட்காரவைக்கும் பள்ளியாகத் தேடுகிறோம். கேட்டால் ‘டிசிப்ளின்’!

நண்பருக்குக் கோபம். “தெருவுல விளையாடினா பெரிய ஸ்கூல்ல சீட்டு கொடுப்பானா?”

கொடுக்க மாட்டான்தான். ஆனால், இன்டர்வியூவில் “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டால் என்ன சார் செய்வீர்கள்?