டீசலைக் குடிப்பது வண்டியா, ஆளா?

மே மாதம் முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று, நம் பக்கத்துக் கோவில் முற்றங்களில் வண்டிகள் வரிசையாக வந்து நிற்பது வழக்கம். 1955-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் பத்திநாதர் இத்திருநாளை ஏற்படுத்தியபோது ஆலைத் தொழிலாளரையே பெரிதும் மனத்திற்கொண்டிருப்பார். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களிலோ அது வாடகை வண்டிக்காரரின் நாளாகவும் ஆகிவிட்டது. 2005-இல் வந்த டாட்டா ஏஸ் என்னும் 'குட்டி யானை', அதற்கும் மூத்த 207, மகிந்திரா பிக்கப், 2011-இல் ஓசூரிலிருந்து புறப்பட்ட தோஸ்த் எனப் பெரும்பாலும் பழைய வண்டிகளே வருகின்றன. தீர்த்தம் தெளித்து முடிந்ததும் யாரேனும் ஒருவர் நம்மை அணுகி, "சாமி, வண்டி மைலேஜே தர மாட்டேங்குது, இன்னொரு தடவை நல்லா மந்திரிச்சு விடுங்க" என்று கேட்பார். தீர்த்தம் பயணிப்போரைக் காக்க மன்றாடும் அடையாளம். அடைபட்ட ஏர் பில்டரை அது திறந்துவிடும் என்று திருச்சபை எங்கும் போதித்ததில்லை.

ஆயினும் கேட்பவரின் கவலை மெய்யானது. டீசல் விலையை அரசே கட்டுப்படுத்திவந்த முறை 2014 அக்டோபரில் ஒழிந்தது. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் திருத்தப்படலாயிற்று. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைக்கப்பட்ட பின்னரும் சென்னையில் ஒரு லிட்டர் 92 ரூபாயை ஒட்டியே நின்றது. நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடும் பிக்கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதத்திற்கு 2,000 கிலோமீட்டர். லிட்டருக்குப் பத்து கொடுத்தால் 200 லிட்டர் வேண்டும். பன்னிரண்டு கொடுத்தால் 167 லிட்டர் போதும். வேறுபாடு 33 லிட்டர், அதாவது 3,000 ரூபாய்க்கு மேல். வாடகை குறைவாகக் கிடைக்கும் மாதத்தில் குடும்பத்திற்கு எஞ்சுவதே அத்தொகைதான் என்பதை இல்லத்தரசியர் அறிவர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது என்பதையும் இத்தோடு சேர்த்து எண்ணலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், வீணாக எரியும் விளக்கை அணைப்பது போன்ற சிறு செயல்களையும் படைப்பைப் பேணும் கடமைகளாக எடுத்துரைத்தார். வண்டியின் பில்டர் அப்பட்டியலில் இல்லை. நாம் சேர்த்துக்கொள்வதில் குற்றமில்லை.

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் தம் எந்திரத்தை ஓட்டிக் காட்டினார். அது எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றிற்று. சாதாரண நீராவி எந்திரங்கள் பத்துப் பங்கு தருவதே அரிதாயிருந்த காலம் அது. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அவ்வகை எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயிலும் ஓடிற்று. சிக்கனத்திற்கென்றே பிறந்த எந்திரம் நம் கையில் ஊதாரியாவது எங்ஙனம்?

பெட்ரோல் வண்டியில் நாம் மிதிப்பது காற்று செல்லும் வழியைத் திறக்கிறது. டீசல் எந்திரத்தில் காற்று தடையின்றிப் புகுகின்றது; ஆக்சிலேட்டரை மிதிக்கும் கால் நேராக டீசலின் அளவையே கூட்டுகிறது. ஆதலின் பதற்றமுள்ள கால் பணத்தை மிதிக்கும் கால். பாடியிலிருந்து திருவள்ளூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் காலை ஒன்பது மணிக்கு ஒரு சிக்னலிலிருந்து மறு சிக்னலுக்குப் பாய்ந்து சென்று பிரேக்கை அழுத்துவோரைக் காண்கிறோம். அவர்கள் செலவிட்ட டீசல் பிரேக் டிரம்மில் வெப்பமாகி வீணாகிறது. முன்னாலிருக்கும் மாநகரப் பேருந்தை அவர்கள் முந்துவதும் இல்லை. புறவழிச்சாலையிலோ வேறு குறை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வது. 40-இலிருந்து 80-க்குச் சென்றால் தடை இரு மடங்கன்று, நான்கு மடங்கு. தார்ப்பாய் சரியாகக் கட்டப்படாமல் பாய்மரம்போல் உப்பி நின்றால் இன்னும் மோசம். பெட்ரோலியச் சிக்கனத்திற்கென 1978-இல் நடுவண் அரசு நிறுவிய ஆராய்ச்சிச் சங்கம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தையே நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகின்றது.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், எந்திரத்தையே நிறுத்திவிடுவதும் சிக்கனம் என்று சிலர் நம்புகின்றனர். கியரில் வைத்துக் காலை எடுத்தாலே பம்பு டீசலை வெட்டிவிடும். நியூட்ரலில்தான் எந்திரம் தானே ஓடுவதற்குக் குடிக்கின்றது. எந்திரம் நின்றாலோ பிரேக்கிற்குத் துணைபுரியும் வாக்குவமும் சில மிதிப்புகளில் தீர்ந்துவிடும். பாடி மேம்பாலத்து இறக்கத்தில் மிஞ்சும் சில சொட்டு டீசலுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா?

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர், ஓய்வுப் பணத்தில் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார். ஓட்டுவதற்குத் தம் தங்கை மகனையே அமர்த்தினார். அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத் பட்டறைகளுக்கு இரும்பு ஏற்றுவது, விடியலில் கோயம்பேட்டிலிருந்து காய்கறி கொணர்வது என வண்டி ஓய்வின்றி ஓடிற்று. ஓராண்டு கழித்து அவர் நம்மிடம் வந்து, "பன்னெண்டு கொடுத்த வண்டி, சாமி, ஒன்பதுக்கு வந்திருக்கு. மீதி டீசல் எங்க போகும்? கேன்லதான் போகும்" என்றார். மருமகனிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாராம். அவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். தங்கை அண்ணன் வீட்டுப் படியேறுவதை நிறுத்திவிட்டாள். அவ்வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தம் மூன்று வாரத்தில் இருந்தது.

டீசல் திருட்டு உலகில் இல்லாததன்று. ஆனால் பழி சொல்லுமுன் அளவு வேண்டும். லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில் வரும் கண்காணிப்பாளர் உவமையில் முதலில் வருவது கணக்கன்று, பிறர் சொன்ன கோள். கணக்கைப் பார்க்கும் முன்பே தலைவர் அவரை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார். அந்தக் கண்காணிப்பாளர் மெய்யாகவே நேர்மையற்றவர்தாம். எல்லா வீட்டிலும் அவ்வாறே இருக்குமென்று எவர் சொல்லக்கூடும்?

அன்பரிடம் நாம் கேட்டது ஒன்றே: "ஒன்பது என்பதை எப்படி அளந்தீர்கள்?" வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் எட்டு மாதமாக ஓடவில்லை! கேபிள் அறுந்து கிடந்தது. சென்றுவந்த நடைகளை மனக்கணக்காகக் கூட்டி, பங்க் ரசீதுகளால் வகுத்திருக்கிறார். பீரங்கி வண்டிக்கு எந்திரம் பூட்டிய கைகள் இவை!

கேபிளை மாற்றச் சொன்னோம். ஒரே பங்க்கில், சமதரையில் நிறுத்தி, குழாய் தானே நிற்கும்வரை டேங்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி, ஓடிய தொலைவை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு முறை போதாது, மூன்று முறை. இக்காலத்தில் மருமகனே ஓட்ட வேண்டும், மாமன் அருகில் அமர்ந்து செல்ல வேண்டும் என்றோம். அவன் எளிதில் இணங்கவில்லை. "திருடன்னு சொன்ன பிறகு எப்படி சாமி அந்த சீட்டுல உட்காருவேன்?" என்றான். அவன் தாய்தான் அவனை அனுப்பிவைத்தாள். மூன்று முறையும் ஒன்பதரையைத் தாண்டவில்லை. மாமன் கண்ணெதிரே டீசலைக் குடித்தது வண்டியே.

பிறகு நல்ல மெக்கானிக் ஒருவரிடம் விட்டார்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிய பின் அவர் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டிப் பார்த்தார். இடப்பக்கப் பின்சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, விட்ட பின்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஓராண்டாக அவ்வண்டி பிரேக்கை இழுத்துக்கொண்டே எஸ்டேட்டைச் சுற்றிவந்திருக்கிறது. அடுத்து, எந்திரத்தில் தெர்மோஸ்டாட்டே இல்லை. சூடேறுகிறதென்று முன்னொரு பட்டறையில் கழற்றி எறிந்துவிட்டார்கள். இது நம் ஊரில் பரவலான வழக்கம். சென்னை வெயிலில் எந்திரம் குளிர்ந்திருப்பது நன்று என்று எண்ணுகிறார்கள். உண்மையில் தண்ணீர் எண்பது டிகிரியைத் தாண்டும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, எந்திரத்தை விரைவில் உரிய சூட்டுக்குக் கொணர்வதே அக்கருவியின் வேலை. அது இல்லாத எந்திரம் விடியற்காலை நடை முழுவதும் குளிரிலேயே ஓடும். எண்ணெய் கெட்டியாயிருக்கும், டீசல் முழுமையாக எரியாது. ரேடியேட்டர் அடைப்பை நீக்கியிருந்தால் கழற்றியிருக்கவே வேண்டாம். ஏர் பில்டர் செங்கற்பொடி நிறத்திலிருந்தது. டயர்களில் காற்றும் குறைவு. நாசில்களில் ஒன்று தூவலாகத் தெளிக்காமல் சொட்டிக்கொண்டிருந்தது. கரும்புகைக்குக் காரணம் அதுவே.

எல்லாம் சரிசெய்த பின், அதே பங்க்கில் அதே முறையில் அளந்தபோது பதினொன்றரை வந்தது. பன்னிரண்டு வரவில்லை. பழைய எந்திரத்திடம் அதற்கு மேல் கேட்பது நியாயமன்று.

இடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, டீசல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றையும் அன்பர் வாங்கிவைத்திருந்தார். அமெரிக்க நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய சாதனங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. குறிப்பிடத்தக்க பயன் தரும் ஒன்றையும் அது காணவில்லை. மண்ணெண்ணெய் கலப்போரும் உளர். பம்பின் நுண்ணிய உறுப்புகளுக்கு மசகாவது டீசலே. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. கலப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, மிச்சமான காசு பம்பு சர்வீஸ் கடைக்கே போய்ச் சேரும். பாரம் இழுக்கவேண்டுமென்று பம்பைத் 'திறந்துவிடும்' பழக்கமும் அவ்வாறே. காற்றுக்கு மிஞ்சிய டீசல் புகையாகும், இழுவையாகாது.

மாமன் தங்கை வீட்டுக்குச் சென்றார். அங்கே என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை. நிச்சயதார்த்தத்தில் தாய்மாமன் சீரை மேளத்தோடு கொண்டுவந்ததை மட்டும் கண்டோம். பின்னர் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: பத்தரைக்கு மேல் வண்டி கொடுப்பதில் மிச்சமாகும் டீசலின் விலையில் பாதி மருமகனுக்குப் பேட்டாவோடு சேரும். உரிமையாளர் பலர் இதற்கு இணங்குவதில்லை. மிச்சம் முழுவதும் தமக்கே என்பர். மிச்சப்படுத்தும் கால் ஓட்டுநருடையதாயிருக்க, பங்கு மட்டும் இல்லையென்றால் அக்கால் ஏன் பொறுமை காக்கும் என்பதே நம் கேள்வி. நாற்பது பக்க நோட்டு ஒன்று இப்போது டேஷ்போர்டில் கிடக்கிறது. ஒவ்வொரு நிரப்பலுக்கும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், இருவர் கையொப்பம்.